வால் ரொஹைசாத்திடம் இருக்கிறது

சுங்கை ரோடு சந்தையை மூடுவதற்கு முந்தைய வாரம்
பாதி எரிந்த இஸ்திரிப்பெட்டிக்கும்
ஒற்றைக் காலணிக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
நாலு வெள்ளி என்றார் கடைக்காரர்.
வால் இல்லையே என்றேன்.
"உனக்கு இருக்கா?" என்றார்.
நாலு வெள்ளி கொடுத்தேன்.

ஒரு சாண் உயரம்.
ஆமை முதுகு, சேவற்கொண்டை,
நெற்றியில் ஒரு கண் கூடுதல்
(நம்ம ஆளோ என்று ஒரு கணம் தோன்றியது).
உள்ளங்காலில் தேய்ந்துபோன ஜப்பான்.
வால் இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு துளை.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.
வேலைப் பழக்கம்.
நான் லிஃப்ட்டின் உச்சியில் ஏறி நின்று
பதினான்கு மாடி இருட்டை
எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்.
இதற்குள்ளும் அதே இருட்டுதான்,
கொஞ்சம் குறைவாக.

பாத்திர சோப்பில் இரண்டு நாள் ஊறவைத்தேன்.
அழுக்கு போனது, பிசுபிசுப்பு போகவில்லை.
பழைய பிளாஸ்டிக் வியர்க்கும்.
ஒன்றையொன்று தொடவிட்டால்
ஒன்றின் சாயம் மற்றொன்றின் தோளில் ஏறும்.
வெயில் ஆகாது. ஈரம் ஆகாது.
ஆகவே நாற்பத்தொரு பேரையும்
வீட்டின் குண்டுத்தடுப்பு அறையில் வைத்திருக்கிறேன்,
இரும்புக் கதவுக்குப் பின்னால்,
ஆளுக்கொரு பிஸ்கட் டப்பாவில்.
"குண்டு விழுந்தால் நாம் எங்கே போவது?"
கேட்டது தமயந்தி.
"ஊரை மிதிக்கிறவன் எல்லாம் உள்ளே பத்திரமா,
மிதிபடுகிறவள் வெளியே துணி காயப்போடுறேன்."
அவள் மடக்குமேசையும் அங்கேதான் இருந்தது.
இப்போது அது சோபாவுக்குப் பின்னால்.

வால் இல்லாமல் இது நிற்காது.
வால்தான் மூன்றாவது கால்.
ஆறு வருடம் சுவரில் சாய்ந்தே இருந்தது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன்போல.

ரொஹைசாத் பஸ் ஓட்டுகிறவர், தெம்பனீஸில் வீடு.
அவரிடம் வால் மட்டும் இருந்தது.
உடலை அவருடைய அம்மா
எண்பத்தேழில் குப்பைக்குழாயில் போட்டுவிட்டார்.
வால் அன்று பள்ளிப்பைக்குள் இருந்ததால் பிழைத்தது.
வாலுக்கு எண்பது வெள்ளி என்றேன்.
உடலுக்கு முந்நூறு என்றார்.
இருவரும் சிரித்தோம்.
யாரும் இறங்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, தோ பாயோ காப்பிக்கடை.
இரண்டு கோப்பி ஓ, ஒரு குவளை வெந்நீர்.
வாலை முக்கி எண்ணுவார், மலாயில், முப்பது வரை.
இளகியதும் அழுத்துவார்.
டொப்.
என் உடல் வெளுத்த பச்சை.
அவர் வால் வெயிலே பார்க்காத பச்சை.
பொருந்தாது, ஆனால் நிற்கும்.
ஒரு மணி நேரம்
சர்க்கரை டப்பாவுக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் நடுவே
தானாக நிற்கும்.
நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை.
பக்கத்து மேசைக் குழந்தை ஒருமுறை அழுதது.
இருவருக்கும் பெருமையாக இருந்தது.

போன ஜூலையில் ஹாங்காங்கிலிருந்து ஒருவர் எழுதினார்.
முழு உருவத்துக்கு நாலாயிரத்து இருநூறு.
படித்துக் காட்டினேன்.
ரொஹைசாத் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.
"உடல் மட்டும் என்றால் எவ்வளவு தருவானாம்?"
அவர் கேட்டது விளையாட்டாகத்தான்.
நான்தான் மனக்கணக்குப் போட்டேன்.
உதடு அசைந்திருக்க வேண்டும்.
அவர் பார்த்துவிட்டார்.

அன்று வெந்நீர் ஆறிப்போயிருந்தது.
அப்படியே இழுத்தார்.
துளையின் ஓரத்தில் ஒரு கீறல்,
மயிரிழை.
கீறலையே கொஞ்ச நேரம் பார்த்தோம்.
வாலைக் காலுறைக்குள் சுருட்டி
சீருடைப் பையில் வைத்துக்கொண்டு
அடுத்த மாதம் என்றார்.
கேள்வியா, இல்லையா, தெரியவில்லை.

ஹாங்காங்காரருக்குப் பதில் எழுதவில்லை.
அழிக்கவும் இல்லை.

ஆகஸ்டில் வந்தார். செப்டம்பரிலும்.
இப்போதெல்லாம் கொதிக்கக் கொதிக்கக் கேட்கிறோம்.
கடை அக்கா வெந்நீருக்குத் தனியாக
இருபது காசு வாங்குகிறார்.